வெயில் போனபின் சங்கராபரணி

அக்டோபர் பிறந்தால் புதுச்சேரிக் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் பாரிஸ் பக்கத்து மரங்கள் மஞ்சளாகத் தொடங்கிவிடும். பிரான்சில் குடியேறிய சித்தப்பா மகனோ அத்தை மகளோ சேன் நதிக்கரையிலோ மார்ன் நதிக்கரையிலோ நின்று எடுத்த படத்தை அனுப்புவார்கள். மேலே பொன்னிறத்தில் மரம், கீழே தண்ணீரிலும் அதே பொன்னிறம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகில் பாதியை மரமே செய்து கொடுத்துவிடுகிறது. பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் இலையில் பச்சையம் சிதைகிறது, அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. கேமராவை எப்படிப் பிடித்தாலும் ஓரளவு படம் தேறிவிடும்.

புதுச்சேரியின் கோரிமேட்டிலிருந்து படம் எடுக்கக் கிளம்புகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஐப்பசி, கார்த்திகையைப் பழந்தமிழர் கூதிர் என்று தனிப் பருவமாக வைத்தார்கள். ஐரோப்பாவில் இலை உதிரும் அதே மாதங்களில் நமக்கு மழை. புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. அப்போது மரம் நிறம் மாறாது, இன்னும் பச்சையாகும். மாறுவது ஆறும் வானமும். நம்மூர் அமெச்சூர் படக்காரர்களில் தேறியவர் யார், தேறாதவர் யார் என்பது இந்த இடத்தில்தான் தெரியும். தேறாதவர் நாணல் பூவைக் கணினியில் ஆரஞ்சாக்கி, பனையோலைக்குச் செம்பு முலாம் பூசி, வில்லியனூரை வெளிநாடாக்கிவிடுவார்.

நம் கைக்கெட்டும் ஆறு சங்கராபரணி. செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, வீடூர் அணையில் தேங்கி, கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூர், திருக்காஞ்சி தாண்டி, அரியாங்குப்பம் பக்கம் இரண்டாகப் பிரிந்து கடலில் சேர்கிறது. ஆண்டில் பெரும்பகுதி அதை ஆறு என்று சொல்ல மனம் துணிய வேண்டும். மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். ஐப்பசி கடைசியில் செம்மண் கரைந்த தண்ணீர் வந்ததும் எல்லாம் மாறிவிடும். கோரிமேட்டிலிருந்து மேற்கே போனால் ஊசுட்டேரியும் கிடைக்கும். அதுவும் இந்த ஆற்றின் தண்ணீரைக் குடிப்பதுதான், சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக. பறவைப் படக்காரர்கள் ஏரியோடு நின்றுவிடுவார்கள். நிலக்காட்சிப் பைத்தியங்கள் ஆற்றுக்குப் போவார்கள்.

அப்படியொரு பைத்தியம் எனக்கு நண்பர். மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படத்தில் ஒரு பைசா சம்பாதித்ததில்லை. மழை விட்டும் விடாமலும் இருக்கிற சாயங்காலத்தில் ஸ்கூட்டரை எடுப்பார். ஒருமுறை கூடப் போனபோது, வானம் வெளுக்கட்டுமே, கொஞ்சம் பொறுக்கலாமே என்றேன். “வெயில் வரட்டும்னு நிக்கிறவங்க நிக்கட்டும் சார். எனக்கு வெயில் போகணும்” என்றார்.

அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு படத்தைச் சொல்கிறேன். சட்டகத்தில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், செங்காவி நிறத்தில். அதற்கு மேல் மெல்லிய கோடாகக் கரை. கரையில் ஏழு பனை, அவற்றில் ஒன்று இடி விழுந்து தலை போன மொட்டைப் பனை. மிச்சமெல்லாம் மேகம். முதல் பார்வைக்கு ஒன்றுமில்லாத படம். கொஞ்ச நேரம் நின்றால் தண்ணீரின் இடது ஓரத்தில் ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று மிதந்து வருவது தெரியும், அதன் மேல் நாலைந்து ஊதாப் பூக்கள். படம் முழுவதிலும் நிறம் என்று சொல்ல அவ்வளவுதான். அந்த ஊதாவைப் பார்த்த பிறகு தண்ணீரின் காவி இன்னும் காவியாகிறது, மேகத்தில் இருக்கும் நீலம் தெரிய ஆரம்பிக்கிறது. பனைகளை நடுவில் வைத்திருந்தால் இது காலண்டர் படம். மேலே ஒதுக்கியதால் ஆற்றின் கனம் நம் மேல் சாய்கிறது. மொட்டைப் பனையை ஒதுக்கிவிட்டு எடுக்க இரண்டடி நகர்ந்தால் போதும். அவர் நகரவில்லை.

மேக வெளிச்சத்தின் அருமை பனையில் தெரியும். வெயிலில் ஓலையின் மேல்பக்கம் வெள்ளையாக எரியும், அடிப்பக்கம் கருப்பாகிவிடும். மேகம் மூடிய நாளில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் இறங்குவதால் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். ஈர இலை மேல் படியும் வானத்தின் வெள்ளைப் பளபளப்பைப் போலரைசர் ஃபில்டரைத் திருகிக் குறைத்தால் அடியிலிருக்கும் பச்சை வெளியே வரும். தண்ணீருக்கு மட்டும் அதை முழுக்கத் திருகக் கூடாது. பளபளப்பு அடியோடு போய்விட்டால் ஆறு சேற்றுத் தரையாகத் தெரியும். அதேபோல ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்துத் தண்ணீரைப் பஞ்சாக்கும் மோகமும் எனக்கு ஒப்பவில்லை. மலையருவிக்கு அது சரி. வெள்ளத்தில் வரும் சங்கராபரணிக்குச் சுழியும் முறுக்கும் உண்டு, அதை அழித்துவிட்டு என்ன படம்? ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு வைத்தால் ஓட்டத்தின் திசையும் தெரியும், கனமும் கெடாது.

மொபைல் போன்கள் இந்தப் பருவத்துக்கு எதிரி. இருட்டைக் கண்டால் அவற்றுக்குப் பொறுக்காது, தாமே வெளிச்சத்தை ஏற்றிவிடும். கார்த்திகையில் சூரியன் 5.40 சுமாருக்கு மறைகிறது. நம் அட்சரேகையில் அது செங்குத்தாக விழுவதால், கண்ணுக்கு இதமான அந்தி இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். அந்த மங்கலை மங்கலாகவே வைத்திருக்கத் தெரிந்தவர் கையில்தான் ஐப்பசி ஐப்பசியாக வரும். போனில் எடுத்தால் சித்திரைச் சாயங்காலம் ஆகிவிடும்.

மழையை எப்படி எடுப்பது என்பதற்குப் பெரியவர்களிடமே இரண்டு வழி உண்டு. நியூசிலாந்துக்காரர் பிரையன் பிரேக்கின் ‘மான்சூன்’ படத்தொகுப்பு 1961இல் ‘லைஃப்’ இதழில் வந்தது. அதில் முகத்தில் மழைத்துளி வாங்கி நிற்கும் பெண் உலகப் புகழ் பெற்றுவிட்டார். அவர் பின்னாளில் இயக்குநரான அபர்ணா சென். அந்த மழை வானத்திலிருந்து விழவில்லை, கல்கத்தா மொட்டை மாடியில் செடிக்கு ஊற்றும் பூவாளியிலிருந்து விழுந்தது. இன்னொரு வழி ரகுபீர் சிங்குடையது. 1967இல் பீகாரின் மோங்கீரில், கங்கைக்கரை மழையில் ஒன்றோடொன்று ஒடுங்கி நிற்கும் நான்கு பெண்களை எடுத்தார். ஈரச்சேலைகளுக்குப் பின்னால் வெளுத்துப் போன ஆறு. இந்தியாவைக் கறுப்பு வெள்ளையில் பார்க்க முடியாது என்று வாதாடியவர் அவர். ஆனாலும் அந்தப் படத்தில் நிறத்தைக் கொட்டவில்லை, மழை விட்டுவைத்த அளவுக்குத்தான் வைத்திருக்கிறார். என் ஓட்டு இவருக்கே.

கூதிரைப் பார்க்கும் கண் நமக்குப் புதிதுமில்லை. நெடுநல்வாடையின் தொடக்கம் முழுக்க இந்தக் குளிர்தான். வெள்ளத்துக்குத் தப்பிக் கோவலர் ஆநிரையை மேட்டுக்கு ஓட்டுகிறார்கள், தீக்காய்கிறார்கள், குரங்கு நடுங்குகிறது, சேற்றில் கொக்கு மேய்கிறது. நக்கீரர் அதில் எதையும் அழகுபடுத்தவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. வீடூர் அணை திறந்து சங்கராபரணி ஊருக்குள் வந்தது. அந்த நாளில் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தவர்களை நண்பர் இன்றும் திட்டுவார். அவர் தண்ணீர் வடிந்த பிறகுதான் போனார். எடுத்துவந்த படத்தில் தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம்தான். கரையிலுள்ள கருவேல முள்ளில் ஆளுயரத்துக்கு வைக்கோலும் கந்தலும் பிளாஸ்டிக்கும் சிக்கித் தொங்குகின்றன. பனைகளின் மேல் ஒரே மட்டத்தில் சேற்றுக்கோடு, அளவுகோல் வைத்து இழுத்தது மாதிரி. பிளாஸ்டிக்கைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தள்ளினால் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

இலைச்சிவப்பு வேண்டுமென்றே அலைகிறவர்கள் தை, மாசி வரை காத்திருக்கலாம். நாட்டு பாதாம் மரம் அப்போதுதான் உதிர்க்கும் முன் இலையைச் செக்கச்செவேலென்று ஆக்கும். ஆற்றில் தண்ணீர்தான் இருக்காது.

எடுத்தபடியே படம் காகிதத்துக்கு வருவது இன்னொரு பாடு. பளபளப்புக் காகிதத்தில் மழைநாள் படம் நிற்காது, மேட் காகிதம்தான் வேண்டும். கூடவே ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று எழுதியும் கொடுக்க வேண்டும். போன கார்த்திகையில் பிரிண்ட் போடுகிற இடத்துக்கு அவரோடு போயிருந்தேன். கணினி முன் இருந்த பையன் படத்தைத் திறந்தான், முகம் சுளித்தான்.

“சார், ரொம்ப டல்லா இருக்கே. கொஞ்சம் ஏத்தி, வானத்துக்கு ப்ளூ குடுத்துடட்டுமா?”

“ஏத்தாத தம்பி. அன்னிக்கு மழை.”