கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்படும் பெற்றோர்

பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் மற்றப் பெற்றோர் மதிப்பெண்ணை நினைத்துக் கவலைப்படுவார்கள். ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளையின் தாய்க்கு வரும் கவலை வேறு. “வேறு இடம் பாருங்கள்” என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் அவர் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போகிறார். சென்னைத் தாய்க்கும் யாழ்ப்பாணத் தாய்க்கும் அந்த அச்சம் ஒன்றே. பள்ளிக்குள் போன பிறகு இருவருக்கும் நேர்வதுதான் வெவ்வேறு விதமாக இருக்கிறது.

இந்தியாவில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2009இன் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பின்தங்கிய பிரிவினர் வரிசையில் சேர்த்தது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதுவரை ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உண்டு என்றது. அரசுப் பள்ளியோ அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியோ, குழந்தையின் தேவைக்கேற்ற உதவியைத் தர வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. அந்த உதவி என்னவென்று முடிவாகும் இடத்தில் பெற்றோரும் இருக்க வேண்டும் என்று மட்டும் அது சொல்லவில்லை. அமெரிக்கா 1975இல் இயற்றிய சட்டத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தனிநபர் கல்வித் திட்டம் வேண்டும், அதைத் தீட்டும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர், முடிவு பிடிக்காவிட்டால் முறையிட வழி உண்டு. இந்தியா அந்தத் திட்டத்தின் பெயரை எடுத்துக்கொண்டது. பெற்றோருக்கான இடம் அதோடு சேர்ந்து வரவில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றில் வழக்கமாக நடப்பதைப் பார்க்கலாம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வாரத்தில் ஒரு நாள் வருவார், சில இடங்களில் அதைவிடக் குறைவாகவும் வருவார். ஒரே ஆள் பல பள்ளிகளைச் சுற்ற வேண்டும், வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். தாய் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு வந்து நிற்பார். அதற்குள் யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல், மருத்துவ முகாமில் கொடுத்த சான்று, ஆங்கிலத்தில் இருக்கும் நுண்ணறிவுச் சோதனை அறிக்கை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் இருக்கும். “அம்மா, இங்க ஒரு கையெழுத்து, அப்புறம் இந்தப் பக்கம் ஒண்ணு” என்பார் பயிற்றுநர். பயணப்படி வந்து சேர்ந்ததா என்று கேட்பார். பிள்ளை இந்தப் பருவத்தில் எதைக் கற்க வேண்டும் என்ற கட்டங்கள் நிரம்பிய தனிநபர் கல்வித் திட்டத் தாள் பதிவேட்டுக்குள் போய்விடும், நகல் தாயின் கைக்கு வராது. “மிஸ், கழிப்பறைக்குப் போகணும்னா அவன் காதைப் பிடிச்சுக் காட்டுவான், வகுப்பு மிஸ்கிட்டச் சொல்லிடுங்க” என்று அவர் சொல்ல வந்தது எந்தக் கட்டத்திலும் ஏறாது.

பயிற்றுநரைக் குறை சொல்வது நியாயமாகாது. பலரும் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்த ஊதியத்தில் வேலை செய்கிறார்கள், நிரந்தரப் பணி கேட்டு வீதியில் இறங்கியும் போராடியிருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் பத்து மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. ஊர் ஊராகச் சுற்றும் ஒருவரின் நாளை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால், கூட்டம் ஏன் ஐந்து நிமிடத்தில் முடிகிறது என்பது விளங்கும்.

நகரத்துத் தனியார் பள்ளியில் கூட்டம் நீளமானது. குளிரூட்டிய அறையில் முதல்வர், ஒருங்கிணைப்பாளர், ஆலோசகர், வகுப்பாசிரியர் என நான்கைந்து பேர் ஒரு பக்கம் இருக்க, எதிர்ப்பக்கம் தாய் தனியாக உட்கார்ந்திருப்பார். முடிவு அவர் வருமுன்பே எடுக்கப்பட்டிருக்கும். முதல் ஆண்டில் “ஷேடோ டீச்சர் ஒருத்தரை நீங்களே ஏற்பாடு பண்ணிக்குங்க” என்பார்கள், பிள்ளையோடே இருக்கும் அந்தத் துணையாசிரியரின் சம்பளம் பெற்றோர் தலையில். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு வந்ததும் “இவனுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளிதான் சரி” என்ற அறிவுரை வரும். சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே நல்ல வழி. பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டுக்காக அது சொல்லப்படும்போதுதான் வலிக்கிறது. டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்குப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கும் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் தமிழ்நாட்டில் கிடைக்கும். அதைப் பள்ளிக்கூட்டத்தில் கேட்டறியாமல், தெரபி மையத்தின் வாசலில் இன்னொரு தாய் சொல்லித் தெரிந்துகொள்ளும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள்.

இலங்கையின் கதை வேறு. அங்கே 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுவோடு போகலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இலும் இலங்கை 2016இலும் ஏற்றன. ஆனால் அனுமதி கிடைத்த பிறகு வகுப்பறைக்குள் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று இலங்கைச் சட்டம் விரித்துச் சொல்லவில்லை. அந்த இடைவெளியைச் சாதாரண பாடசாலைகளோடு சேர்ந்த விசேட கல்வி அலகுகளும், அரச உதவி பெறும் விசேட பாடசாலைகளும் நிரப்புகின்றன. 1912இல் தொடங்கிய இரத்மலானைச் செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலையும் கைதடி நவீல்ட் பாடசாலையும் அந்த மரபில் வந்தவை.

அலகு என்பது பெரும்பாலும் ஒரே ஓர் அறை. ஆறு வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும், டவுன் சின்ட்ரோம் உள்ளவரும் ஆட்டிசம் உள்ளவரும் ஒரே ஆசிரியரிடம் இருப்பார்கள். அங்கே பெற்றோருக்குக் கிடைக்கும் ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். ரீச்சர் நாள்தோறும் அதே அறையில் இருக்கிறார், பிள்ளையைப் பெயர் சொல்லி அறிவார், தாய் காலையில் கதவடியில் நின்று நாலு வார்த்தை பேசலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளித் தாய்க்கு இந்த நெருக்கம் அரிதாகவே கிடைக்கிறது.

சங்கடம் பாடசாலை அதிபரின் அறையில் தொடங்குகிறது. “அம்மா, இவரை வகுப்பில வச்சிருக்கிறது கஷ்டம், அலகில விட்டா உங்களுக்கும் நல்லம்” என்பார்கள். “ஓம்” என்பதைத் தவிர அந்தத் தாய்க்கு வேறு பதில் வராது. சாதாரண வகுப்புக்கு எப்போது திரும்பலாம், யார் அதைத் தீர்மானிப்பார்கள், எதை வைத்து அளப்பார்கள் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருப்பதில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்குதல் வேறு சேர்ந்துகொள்ளும். நல்ல அதிபர் வாய்த்தால் பிள்ளை சங்கீதத்துக்கும் விளையாட்டுக்குமாவது மற்றப் பிள்ளைகளோடு போகும். அவர் மாற்றலாகிப் போனால் அந்த ஏற்பாடும் அவரோடு போய்விடும்.

மலையகத்தில் இதற்கு மேலும் ஒரு சுமை இருக்கிறது. கூட்டம் வேலை நாளில்தான் நடக்கும். கொழுந்து பறிக்கும் தாய் பாடசாலைக்கு இறங்கி வந்தால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும், அரைப்பேராவது கிடைத்தால் அதிர்ஷ்டம். வைத்தியசாலை அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், சில படிவங்கள் சிங்களத்தில் இருக்கும். தன் பிள்ளையைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஒப்பமிட்டு வருகிறார். தமிழ்நாட்டிலும் ஊரக வேலைத்திட்டப் பணியையோ கட்டட வேலையையோ விட்டு வரும் தாய்க்கு இழப்பு இதேதான்.

இரு நாட்டிலும் பெற்றோருக்குச் சபை இல்லாமல் இல்லை. இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று விதித்திருக்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்த விதி கிடையாது. இலங்கையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. இவை சுற்றுமதில், கழிப்பறை, தண்ணீர்த்தொட்டி, நிதி பற்றிப் பேசும் சபைகள். பள்ளிக் கட்டடத்தைப் பற்றிப் பேச நாற்காலி பெற்ற அதே தாய்க்கு, தன் பிள்ளையின் பாடத்தை முடிவு செய்யும் மேசையில் நாற்காலி இல்லை. இந்த முரணை இரண்டு நாடுகளும் கவனிக்காமலே விட்டிருக்கின்றன.

பெற்றோரைச் சேர்த்துக்கொண்டால் காரியம் கெடும் என்று நினைப்பவர்கள் சென்னையில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக இயங்கும் வித்யாசாகர் அமைப்பைப் பார்க்கலாம். 1985இல் அதைத் தொடங்கிய பூனம் நடராஜனே மாற்றுத்திறன் குழந்தையின் தாய். தாய் சொல்வதைத் தகவலாக எடுத்துக்கொண்டு திட்டம் தீட்டலாம் என்பதற்கு அது நீண்டகால உதாரணம்.

வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இலங்கையில் முதலாம் தர அனுமதியையே கல்வி அமைச்சின் சுற்றறிக்கைதான் நடத்துகிறது. விசேட தேவையுள்ள பிள்ளை பற்றிய முடிவை எழுத்தில், பெற்றோரின் மொழியில் கொடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும் என்று இன்னொரு சுற்றறிக்கை போட, புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தனிநபர் கல்வித் திட்டப் படிவம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் பெற்றோர் சொல்வதை எழுத அரைப் பக்கமும், உடன்பாடில்லை என்று பதிவு செய்ய ஒரு வரியும் சேர்க்க வேண்டும். கையெழுத்து வாங்கிய அன்றே நகலைத் தாயின் கையில் கொடுக்க வேண்டும். கூட்டத்துக்குத் துணையாக இன்னொரு பெற்றோரையோ உறவினரையோ அழைத்துவரலாம் என்ற ஒரு வாக்கியம் போதும், நான்கைந்து பேருக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் தன் கேள்வியை முழுதாகக் கேட்க.