புலம்பலும் முறையீடும்: விவிலியத் துயரப் பாடல்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காப்பியங்களைச் சுற்றியே அமைந்துள்ளன. வீரமாமுனிவரின் தேம்பாவணியும் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் பெற்ற கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் விவிலியத்தின் துயரப் பாடல்கள் பெற்றன என்று கூறுதல் அரிது. இதற்கு ஒரு காரணம் சொல்லிலேயே உண்டு. எருசலேமின் அழிவைப் பாடும் ஐந்து செய்யுட்களைக் கொண்ட நூலுக்குத் தமிழில் வழங்கும் பெயர் 'புலம்பல்' என்பதாகும். இன்றைய பேச்சுவழக்கிற் புலம்பல் என்பது பயனற்ற முணுமுணுப்பு. செயலாற்ற வலியற்றவன் வாயிலிருந்து எழும் ஓசை. வழிபாட்டிலும் இலக்கியத்திலும் அதற்கு உயர்ந்த இடமில்லை என்ற எண்ணம் இப்பொருளோடு ஒட்டியே வருகின்றது.

ஆயின் சொல்லின் பழம்பொருள் வேறு. தொல்காப்பிய உரியியல் புலம்பு என்பதற்குத் தனிமை என்றே பொருள் கூறும். சங்கப் பாடல்களிற் புலம்பு என்பது துணையற்றிருத்தலையும் அதனால் விளையும் துயரையும் சேர்த்தே உணர்த்துகின்றது. எபிரேய நூலின் முதற்செய்யுளோ, மக்கள் நிறைந்திருந்த நகரம் கைம்பெண்போலத் தனித்திருக்கும் காட்சியோடு தொடங்குகின்றது. ஆற்றுவார் எவரும் இலர் என்ற செய்தி அதே செய்யுளில் மீண்டும் மீண்டும் வருகின்றது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் கருதினரோ இல்லையோ, நூலின் கருவுக்கு இதனினும் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைத்திராது. புலம்பல் என்பது முதலில் ஒரு நிலை. பின்னரே அது ஓசை. தனித்து விடப்பட்டவர் தமது தனிமையைச் சொல்லாக்கி, அச்சொல்லைக் கேட்க வேண்டிய ஒருவரை நோக்கி எறிவதே அதன் இயல்பு.

விவிலியத்தில் இரு வேறு துயர வடிவங்கள் உள்ளன. ஒன்று இறந்தோர்க்கான இரங்கற்பா. சவுலும் யோனத்தானும் போரில் வீழ்ந்தபோது தாவீது பாடியதாக இரண்டாம் சாமுவேல் நூலின் முதல் அதிகாரத்தில் உள்ள பாடல் இவ்வகைக்குச் சிறந்த சான்று. அப்பாடலிற் கடவுளின் பெயரே இடம்பெறாமை நோக்கற்பாலது. இறந்தோரின் வீரமும் அன்பும் போற்றப்படுகின்றன. அவர்கள் வீழ்ந்த மலை சபிக்கப்படுகின்றது. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களோடு இது நெருங்கிய உறவுடையது. பாரியை இழந்தபின் கபிலரும் பாரி மகளிரும் பாடியனவாக உள்ள பாடல்களிலும் மலையும் நிலவும் பேசப்படுகின்றனவேயன்றி, இவ்விழப்புக்குப் பொறுப்புக் கூறவேண்டிய தெய்வம் ஒன்று அங்கே விளிக்கப்படுவதில்லை.

மற்றது முறையீட்டுப் பாடல். இங்கு பேசப்படுவோர் இறந்தோரல்லர். பேசுவோர் இன்னும் உயிரோடு துன்புறுவோர். அவர் பேச்சு நேரே கடவுளை நோக்கியது. சங்கீதங்கள் 150இல் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இவ்வகையின. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜேர்மானிய அறிஞர் ஹெர்மன் குன்கெல் சங்கீதங்களை வகைப்படுத்தியபோது, தனியாள் முறையீடு, சமூக முறையீடு என இவற்றைப் பிரித்துக் காட்டினார். விளி, முறைப்பாடு, வேண்டுகோள், நம்பிக்கைக் கூற்று, புகழ்வதாகத் தரும் உறுதி என்பன இவற்றிற் பொதுவாகக் காணப்படும் உறுப்புகள். பின்வந்த கிளவுஸ் வெஸ்டர்மன், முறைப்பாடு மூன்று திசைகளிற் செல்வதைக் காட்டினார்: கடவுளை நோக்கி, தன்னை நோக்கி, பகைவரை நோக்கி. இம்மூன்றில் முதலாவதே இப்பாடல்களின் தனித்தன்மை. 44ஆம் சங்கீதத்தில் தோல்வியுற்ற மக்கள், தாம் உடன்படிக்கையை மறக்கவில்லை என்று வாதிட்டு, கடவுள் ஏன் உறங்குகிறார் எனக் கேட்கின்றனர். 88ஆம் சங்கீதம் நம்பிக்கைக் கூற்று எதுவுமின்றி இருளிலேயே முடிகின்றது. இத்தகைய பாடல்களை நீக்காது தொகுப்பிற் சேர்த்தோர், ஐயமும் சினமும் வழிபாட்டுக்குப் புறம்பானவை என்று கருதவில்லை என்பது தெளிவு.

புலம்பல் நூலின் சிறப்பு இவ்விரு வடிவங்களும் அதில் ஒன்றாவதிலேயே உள்ளது. கி.மு. 587 அளவிற் பாபிலோனியரால் எருசலேம் அழிக்கப்பட்டதே அதன் களம். இறந்த ஒருவருக்கான இரங்கற்பாவின் யாப்பு இங்கே இறந்த நகருக்கு உரியதாகின்றது. மூன்றசைக்கூற்றை அடுத்து இரண்டசைக்கூறு வந்து குறைந்து நிற்கும் அந்நடையை 1882இற் கார்ல் புட்டே எடுத்துக்காட்டினார். அடி நிறைவுறாது தளர்ந்து முடிவதால் விம்மலின் ஓசை யாப்பிலேயே அமைந்துவிடுகின்றது. முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை முறையே முதலாகக் கொண்டு செல்வன. மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று அடிகளாக 66 வசனங்கள் உள்ளன. தமிழில் வருக்கக்கோவை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. ஆயின் இங்கு அது புலமை விளையாட்டாக நிற்கவில்லை. முதலெழுத்து முதல் இறுதியெழுத்து வரை சென்றாலன்றித் துயரைச் சொல்லி முடிக்க இயலாது என்பதும், அவ்வெழுத்தோடாவது அது ஓரிடத்தில் நிற்றல் வேண்டும் என்பதும் ஒருங்கே உணர்த்தப்படுகின்றன. ஐந்தாம் அதிகாரத்தில் 22 வசனங்கள் உண்டு. ஆனால் எழுத்துவரிசை இல்லை. ஒழுங்கு தளர, வேண்டுகோள் மட்டும் எஞ்சுகின்றது.

இரண்டாம் அதிகாரத்திற் கடவுளே வில்லை வளைத்த பகைவராகச் சித்திரிக்கப்படுகின்றார். வீதிகளில் மயங்கி விழும் குழந்தைகளும், பசியினால் தம் பிள்ளைகளையே உண்ட தாயரும் அவர்முன் சான்றாக நிறுத்தப்படுகின்றனர். மக்களின் பாவம் மறுக்கப்படவில்லை. ஆயினும் தண்டனை குற்றத்தின் அளவைக் கடந்ததன்றோ என்பதே வழக்கு. நூல் முழுவதிலும் கடவுள் மறுமொழி கூறுவதில்லை. இறுதி வசனமும் அவர் தம் மக்களை முற்றாகத் தள்ளிவிட்டாரோ என்ற ஐயத்திலேயே நிற்கின்றது. யூத வழிபாட்டில் இந்நூலைப் படிப்போர், ஐயத்தோடு முடித்தல் தகாதென இறுதிக்கு முந்திய வசனத்தை மீண்டும் ஓதுவர். அவர்கள் மூலத்தை மாற்றவில்லை. மூலத்தின் முடிவைத் தாங்குவதற்கு ஒரு வழி கண்டனர்.

இத்தகைய பாடலைத் தமிழ்ச் சமூகம் எவ்வாறு ஏற்றது என்பதே அடுத்த வினா. ஒப்புச் சொல்லி அழும் மரபு ஈழத்தில் ஆழ வேரூன்றியது. எரேமியா ஒன்பதாம் அதிகாரத்தில், புலம்பலில் வல்ல பெண்களை அழைக்குமாறும் அவர்கள் தம் புதல்வியர்க்கு அதனைக் கற்பிக்குமாறும் வரும் பகுதியைப் படிக்கும் எவருக்கும் செத்தவீட்டு முற்றம் கண்முன் தோன்றும். கத்தோலிக்க மரபில் இவ்வுறவை நன்குணர்ந்தவர் கோவையிலிருந்து 1705இல் இலங்கை வந்து, 1742இற் போலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாராவார். ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அவர் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு, கடலோரக் கத்தோலிக்க மக்களின் செவியிற் பதிந்தது. தமிழகத்தில் வீரமாமுனிவர் பாடிய அன்னை அழுங்கல் அந்தாதியும் மகனை இழந்த தாயின் துயரையே பொருளாகக் கொண்டது.

இந்நூல்களின் உருக்கம் ஐயத்திற்கிடமற்றது. ஆயினும் திறனாய்வு நோக்கில் ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். இவற்றில் அழுகையின் திசை மாறிவிடுகின்றது. துன்புறுபவர் கிறிஸ்து, அழுபவர் அன்னையும் அடியாரும், அழுகையின் பயன் தன் பாவத்தை உணர்ந்து மனந்திரும்புதல். இரங்கற்பா இங்கே செழித்தது, முறையீடு பின்தள்ளப்பட்டது. சிலுவையில் இயேசு 22ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தையே கூவினார் என மாற்கு கூறுவதை நினைத்தால், இம்மாற்றத்தின் அளவு விளங்கும். தாம் கைவிடப்பட்டமைக்குக் காரணம் கேட்டவரை நோக்கி அழுவோர், அவர் கேட்ட கேள்வியைத் தாம் கேட்பதில்லை.

இக்கேள்வி தமிழ்ப் பக்திக்கு அந்நியமானது என்று வாதிடவும் இடமில்லை. சுந்தரர் பார்வையிழந்த நிலையில் திருவாரூரிற் பாடிய 'மீளா அடிமை' எனத் தொடங்கும் பதிகம், அடியாரை வருந்தவிட்டு வாளாவிருக்கும் இறைவனை வாழ்த்துவதுபோல் இடித்துரைப்பது. மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பம் கைவிடாதே என்ற வேண்டுதலையே 50 பாடல்களில் விரித்துரைப்பது. ஆயின் சுந்தரர் தோழமையின் உரிமையால் வழக்காடுகின்றார்; சங்கீதக்காரரோ உடன்படிக்கையின் உரிமையால் வழக்காடுகின்றார். முன்னது தனியொருவருக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. பின்னது ஒரு மக்கட்கூட்டம் முழுவதும் வாதியாக நிற்க இடந்தருவது. இலங்கைத் தமிழர்க்கு இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று.

1983 யூலை 24ஆந் திகதி இரவு பொரளைக் கனத்தை மயானத்தருகே தொடங்கிய வன்செயலுக்குப் பின்னும், 2009 மே மாதத்திற்குப் பின்னும், இழப்புக்குப் பெயர் சொல்லிப் பொதுவில் அழுவதே ஒரு வழக்காயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 சனவரி 8ஆந் திகதி இரவு இடிக்கப்பட்டதும், எதிர்ப்பின்பின் அவ்வாண்டிலேயே மீள எழுப்பப்பட்டதும், அழுகைக்கு இடம் வேண்டுமென்பது எத்துணை பொதுவியல் சார்ந்த கோரிக்கை என்பதைக் காட்டின.

2019 ஏப்ரல் 21 இன்னொரு சோதனை. அன்று உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியிலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. இறந்தோர் 250க்கும் மேற்பட்டோர். அன்று பிற்பகல் தெமட்டகொடையில், தாக்குதலாளரோடு தொடர்புடைய வீடொன்றிற் சோதனையிடச் சென்ற மூன்று பொலிஸார் மற்றொரு வெடிப்பில் மாண்டனர். அவ்வீட்டுச் சிறுவரும் அதிலேயே மாண்டனர். புனித வாரத்தின் துயர வழிபாடு இரு நாள்களுக்கு முன்னரே நிறைவுற்றிருந்தது. திருநாட் கிரமத்தில் இருந்தவை மகிழ்ச்சிப் பாடல்களே. அழவேண்டிய நாளில் அழுவதற்கான சொல் வழிபாட்டு நூலில் அன்றைக்கு இல்லை.

இத்தகைய வேளையிற் பலரும் நாடுவது புலம்பல் மூன்றாம் அதிகாரத்தின் நடுப்பகுதி. இறைவனின் இரக்கம் காலைதோறும் புதிதாகும் என்ற கருத்துடைய அப்பகுதி தனித்தெடுக்கப்பட்டுப் பெரிதும் பாடப்படுகின்றது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள இருளின்றி அதனைப் பாடுவது, மருந்தை நோயின்றி விளக்குவது போன்றதே. வால்டர் புருக்கமன் 1986இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், முறையீடு வழிபாட்டிலிருந்து மறையும்போது நீதி பற்றிய கேள்வியும் மறைகின்றது என வாதிட்டார். கேள்வி கேட்க இயலாத மன்றத்தில் எஞ்சுவது புகழ்ச்சியும் குற்றவுணர்வுமே என்பது அவர் கருத்தின் சாரம்.

முறையீட்டுப் பாடல்கள்மீது சாற்றத்தக்க பெருங்குற்றம் அவற்றிலுள்ள சாபமாகும். 137ஆம் சங்கீதத்தின் முடிவு பகைவரின் மழலைகளையும் விடுவதில்லை. இதனை மழுப்புதல் நேர்மையன்று. தெமட்டகொடைச் சிறுவரை எண்ணுவோர்க்கு அவ்வடிகள் கூசவே செய்யும். ஆயினும் பழியுணர்ச்சியை வாய்விட்டுச் சொல்வதும் அதனைச் செய்வதும் ஒன்றல்ல. முறையீட்டாளர் பழிவாங்கும் உரிமையைத் தம் கையிலிருந்து மாற்றார் கையில் ஒப்படைக்கின்றார். 2019 மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கிய கும்பல்கள் அவ்வாறு எதனையும் எவரிடமும் ஒப்படைக்கவில்லை. சொல்லப்படாத சினம் தானாக அவியும் என்று நம்புவதற்கு இந்நாட்டின் வரலாறு இடந்தரவில்லை. ஆதலின் சாபப் பகுதிகளைப் பின்பற்றத்தக்க நெறியாகவன்றி, நீதிமன்றில் ஒப்படைக்கப்பட்ட படைக்கலமாகக் கொள்வதே பொருத்தமாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, விவிலியப் புலம்பல் நம்பிக்கையின் தளர்ச்சியன்று. கேட்பவர் உண்டு என்ற நம்பிக்கை அறவே இல்லாதவன் முறையிடுவதில்லை. அவன் மௌனமாகிறான், அல்லது ஆயுதம் எடுக்கிறான். தமிழ்க் கிறித்தவ இலக்கியம் ஒப்பாரியின் உருக்கத்தை நன்கு பெற்றுள்ளது. சுந்தரரின் வழக்காடும் துணிவும் அதன் அயலிலேயே உள்ளது. இவ்விரண்டையும் இணைத்து ஒரு சமூகத்தின் முறையீடாக விரிக்கும் பாடல் தமிழில் வளருமாயின், புலம்பு என்ற சொல் தன் பழைய ஆழத்தை மீளப்பெறும். தனித்து விடப்பட்டவரின் குரல் பொதுமன்றில் ஏறும்.