தேயிலை மலையைப் பார்க்க வருகிறவர்கள்: அக்கரப்பத்தனையும் அக்கரைச் சீமையும்

தலவாக்கலையில் பஸ் ஏறி, லிந்துலையைத் தாண்டி மேலே போனால் அக்கரப்பத்தனை. அதற்கும் அப்பால் டயகம. தேயிலை அங்கிருந்தும் ஏறி, ஹோட்டன் சமவெளியின் காட்டோரத்தில்தான் நிற்கிறது. அந்தக் காட்டிலிருந்து இறங்கும் ஆக்ரா ஓயா பள்ளத்தாக்கை நனைத்தபடி போய், மற்ற ஓடைகளோடு சேர்ந்து கொத்மலை ஓயாவாகி, தலவாக்கலையில் மேல்கொத்மலை அணையை எட்டுகிறது. பெல்மோரல், கிளாஸ்கோ, டொரிங்டன், வேவர்லி என்று கடல் கடந்து வந்த பெயர்களைச் சுமந்த தோட்டங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் வரிசையாக நிற்கின்றன.

நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் போகிற உல்லாசப் பயணிகளில் மிகச் சிலரே முன்பு இந்தப் பக்கம் திரும்பினார்கள். பெக்கோ ட்ரெயில் வந்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் முதுகுப்பையோடு டயகம வீதியில் நடந்துபோவதைக் காண முடிகிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இந்த நடைபாதை 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் நிதி கொடுத்தன. ஒரு கட்டம் பொகவந்தலாவையிலிருந்து மலை தாண்டி டயகமவில் இறங்குகிறது. அடுத்தது அங்கிருந்து ஹோட்டன் சமவெளியை நோக்கி ஏறுகிறது.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் தேயிலை மலைகள் உண்டு. வால்பாறை, நீலகிரி, மூணாறு, மாஞ்சோலை. அங்கும் கொழுந்து பறிப்பவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள்தாம். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் தோட்டங்களிலிருந்து கப்பலேறிய குடும்பங்களுக்காகவே தமிழ்நாடு அரசு கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை நட்டது; அதை நடத்த டான்டீ நிறுவனத்தை உருவாக்கியது. ஆக, ஒரே வேரிலிருந்து பிரிந்த மக்கள் இரண்டு நாடுகளில் ஒரே செடியோடு வாழ்கிறார்கள். அந்த மலைகளைப் பார்க்க வெளியாள் வரும் முறை மட்டும் இரண்டு நாடுகளிலும் வேறு வேறு.

நடையும் வண்டியும்

இலங்கையில் தேயிலை மலையை நடந்து பார்க்கலாம். பெக்கோ ட்ரெயில் புதிதாக வெட்டிய பாதை இல்லை. கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்கக் காலத்திலும் மூட்டைகள் போன தடங்களையும், தோட்டத்து மண் வீதிகளையும், தொழிலாளர் மலைக்குப் போகும் குறுக்குப் பாதைகளையும் இணைத்ததே அது. அதனால் நடப்பவர் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாசலைக் கடந்துதான் போயாக வேண்டும். காலைப் பெயர்ப்பதிவான பெரட்டுக்குப் போகும் பெண்கள், பாடசாலைக்கு இறங்கும் பிள்ளைகள், கொழுந்து நிறுக்கும் மடுவம், மாரியம்மன் கோயில் எல்லாம் வழியில் வரும்.

தமிழ்நாட்டில் அதே மலை கார் கண்ணாடி வழியாகத்தான் பெரும்பாலும் பார்க்கப்படுகிறது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வால்பாறைச் சாலையில் குடும்பம் குடும்பமாக வேனில் வருவார்கள். காட்சி முனையில் இறங்கிப் படம் எடுத்து, தேத்தூள் வாங்கி, மாலைக்குள் பொள்ளாச்சிக்குத் திரும்புவார்கள். தோட்டத்துக்குள் இறங்கி நடப்பவர் அபூர்வம்.

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. வால்பாறையைச் சுற்றிப் பெரும்பாலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். காட்டுத் துண்டுகளுக்கு இடையில்தான் தேயிலை இருக்கிறது. யானைகள் ஒரு காட்டிலிருந்து மற்றதற்குப் போக அந்தத் தேயிலையைத்தான் கடக்கின்றன. யானை எங்கே நிற்கிறது என்று குடியிருப்பவர்களுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பவும், சிவப்பு விளக்கு எரியவிட்டு எச்சரிக்கவும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் அங்கே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். குடியிருப்பவர்களே அந்தி சாய்ந்தபின் வெளியே வர யோசிக்கும் ஊரில், வெளியாளை முன்னூறு கிலோமீட்டர் நடக்கவிட முடியாது.

நம் உயர் மலையகத்தில் யானை இல்லை. ஒருகாலத்தில் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பேர்போன மேஜர் ரோஜர்ஸின் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. வேட்டையும், கோப்பிக்காகக் காடழித்ததும் சேர்ந்து மலையை யானையற்றதாக்கின. சிறுத்தை இன்றும் தேயிலைக்குள் வருகிறது. தொழிலாளரைத் தாக்கவும் செய்கிறது. என்றாலும் பகலில் நடப்பவருக்கு வழி பெரும்பாலும் பயமற்றது. வெளிநாட்டுப் பயணி ரசித்து நடக்கும் இந்தப் பாதுகாப்பு, ஒரு பெரிய அழிவின் மிச்சம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாசலை யார் காக்கிறார்கள்

இந்தியாவில் மலையின் வாசலில் நிற்பது வனத்துறை. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை இதற்குத் தெளிவான சாட்சி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனி எடுத்த எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டில் உருவானவை மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துத் தோட்டங்கள். இப்போது அது களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருபவர் வனத்துறையின் அனுமதி பெற்றே மேலே போக முடியும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7ஆம் திகதியிலிருந்து இ-பாஸ் கட்டாயம். மலை தாங்கக்கூடிய வண்டிகள் எத்தனை என்று அங்கே நீதிமன்றமே கேட்கிறது.

இங்கே அந்தக் கேள்வி பெரும்பாலும் தேசியப் பூங்காவின் வாயிலோடு நின்றுவிடுகிறது. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையில் சேர்ந்தது. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். வாயிலில் பொலித்தீன் உறையைப் பிடுங்கி வைப்பார்கள். ஆனால் சமவெளிக்குக் கீழே, அதே நீர் இறங்கி வரும் அக்கரப்பத்தனையில், பயணிகளின் குப்பைக்கும் வண்டிக்கும் கணக்கு வைப்பவர் யார்?

நிர்வாகம் இந்தப் பக்கம் வந்துசேரவே காலம் பிடித்தது. நுவரெலியா பிரதேச சபையைப் பிரித்து அக்கரப்பத்தனைக்கென்று தனிச் சபை அமைத்து, 2018இல்தான் அதற்கு முதல் தேர்தல் நடந்தது. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிட வழிசெய்த சட்டத் திருத்தம் வந்ததும் அதே ஆண்டில்தான். அதுவரை லயத்துப் பாதையும் தண்ணீரும் கம்பனியின் தயவு. தலைமுறைகளாகக் குடியிருப்பவருக்குச் சபையின் கை எட்டாமல் இருந்த இடத்துக்கு, பயணிகளின் வரைபடம் சில ஆண்டுகளில் வந்துசேர்ந்துவிட்டது.

பங்களாவும் லயமும்

பயணி இரவில் எங்கே தங்குகிறார் என்பதைப் பார்த்தால், காசு எங்கே போகிறது என்பது தெரியும். இதில் இரண்டு நாடுகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பெரிய தொரை என்ற தோட்ட நிர்வாகி வாழ்ந்த பங்களாதான் முதலில் விற்பனைக்கு வந்தது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய பங்களாக்களை டில்மா குழுமம் 2005ஆம் ஆண்டிலிருந்து உயர்தர விடுதிகளாக நடத்துகிறது. வால்பாறையிலும் மூணாற்றிலும் கம்பனி பங்களாக்கள் அப்படியே விடுதிகளாகின. வெள்ளைத் தொரையின் சாய்வு நாற்காலி, கணப்பு அடுப்பு, சீருடை போட்ட சமையற்காரர். பழைய அதிகாரத்தை ஓர் இரவுக்கு வாடகைக்கு விடும் வியாபாரம் அது.

லயத்தை வாடகைக்கு விட முடியாது. யாரும் தங்க விரும்பமாட்டார்கள் என்பதால் மட்டுமில்லை. குடியிருப்பவருக்கு அது சொந்தமில்லை. இலங்கையில் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுடையது, நீண்ட குத்தகை கம்பனியுடையது, காம்பரா என்ற லயத்து அறை தோட்டத்துடையது. நடுவில் இருக்கும் குடும்பத்திடம் காணி உறுதி இல்லை. இந்திய அரசின் உதவியில் ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீடுகள் இந்த நிலையைக் கொஞ்சம் மாற்றின. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தேவையோ அதைப்போலப் பல மடங்கு.

வால்பாறையிலும் தொழிலாளியின் வீடு கம்பனியுடையது. ஓய்வு பெற்றால் காலி செய்து கீழே இறங்க வேண்டும். மாஞ்சோலையில் குத்தகை 2028இல் முடிய இருப்பதால், 2024இல் கம்பனி தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பத் தொடங்கியது; நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள் மலையைவிட்டு இறங்க நேர்ந்தது. கூடலூரிலும் டான்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க 2022இல் முடிவானது. நம்மிடமிருந்து போனவர்களின் பிள்ளைகள் இரண்டாவது முறையாக வீட்டைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்.

இந்த இருண்ட ஒற்றுமைக்கு நடுவே நீலகிரி ஒரு மாற்றுக் காட்சியைத் தருகிறது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துப் படுகர் கிராமங்களில் ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலை குடும்பத்தின் சொந்தச் சொத்து. கொழுந்தைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குப் போடுவார்கள். நிலம் கையில் இருப்பதால், வீட்டில் ஓர் அறையை ஒழித்துப் பயணிக்கு வாடகைக்கு விடலாம், வங்கியில் கடன் கேட்கலாம், கடை போடலாம். நீலகிரியின் எல்லாச் சிறு விவசாயியும் செழித்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை. பச்சைக் கொழுந்தின் விலைக்காக அவர்கள் பல வருடமாகப் போராடுகிறார்கள். ஆனால் வருகிற பயணியிடமிருந்து அவர்களுக்கு நேராக வருமானம் வர ஒரு வழி இருக்கிறது. அக்கரப்பத்தனைத் தொழிலாளிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

மலையின் கதை

பயணிக்குச் சொல்லப்படும் கதையும் முக்கியம். இலங்கையில் கதை 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரிடம் தொடங்கும். மூணாற்றுத் தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களும் தொரைமாரின் படங்களும் முன்னுக்கு நிற்கும். காட்டை வெட்டியவர், கல் உடைத்தவர், ரயில் பாதை போட்டவர் இரண்டு கதைகளிலும் கூட்டமாகத்தான் வருவார்கள், பெயரோடு வரமாட்டார்கள்.

2023இல் நம் மக்கள் வேறொரு நடை நடந்தார்கள். மலையகத் தமிழர் வந்த 200ஆம் ஆண்டை ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்து ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டவர்கள், ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். கடல் கடந்து வந்த முன்னோர் காட்டு வழியே நடந்து, நோயிலும் பசியிலும் செத்து விழுந்த வழி அது. பெக்கோ ட்ரெயிலும் அந்த ஆண்டளவில்தான் முழு உருப்பெற்றது. ஒன்று அந்நியச் செலாவணிக்கு, மற்றது உரிமைக்கு. இரண்டையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் நடக்கவிடுவதுதான் நம் குறை. வட்டகொடை வழியே நடக்கும் பயணிக்கு, அருகில் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஒரு வழிகாட்டி வேண்டும். மாசியில் காமன் கூத்து ஆடும் தோட்டத்தையும், கவ்வாத்துச் சாமியையும், ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு சேர்த்துக் கும்பிடப்படும் ரோதமுனியையும் அந்த மண்ணில் பிறந்தவரைவிட யார் நன்றாக விளக்க முடியும்? இந்தியாவில் வால்பாறையின் கூலிகளைப் பற்றி பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்து, பரவலாகப் படிக்கப்பட்டது. அதைப் படித்துவிட்டு வால்பாறைக்குப் போகிறவர் அந்த மலையை வெறும் பச்சையாகப் பார்க்கமாட்டார்.

இனிச் செய்ய வேண்டியது

இலங்கை தமிழ்நாட்டிடமிருந்து எல்லை வகுப்பதைக் கற்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர், குப்பை எங்கே, எந்த நேரம் வரை என்ற விதிகள், எல்லவைப் போல நெரிசல் வந்தபின் எழுதப்படக் கூடாது. தமிழ்நாடு நம்மிடமிருந்து, யானை வழியைத் தொடாத இடங்களிலாவது, வழிகாட்டியோடு நடக்கும் சிறு பாதைகளைத் திறக்கக் கற்கலாம். வண்டிகள் குறையும், மலையோரத்து வீடுகளுக்கு நாலு காசு சேரும்.

ஆனால் இரண்டு அரசுகளும் செய்ய வேண்டிய முதல் வேலை வேறு: குடியிருப்பவருக்குக் காணி உறுதி கொடுப்பது. தோட்டத்து இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் அனுமதி அட்டையும் கொடுக்கலாம், பிரதேச சபை வழியாக நடைபாதையின் வருமானத்தில் ஒரு பங்கைத் தோட்டத்துக்கே ஒதுக்கலாம். அவை எல்லாம் நல்லவை. ஆனால் காணி உறுதி இல்லாமல் அரைகுறையாகவே நிற்கும். கூலி உயர்வும் போதாது. 2024 செப்டம்பரில் இலங்கையில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக உயர்ந்தது. தொரை பங்களாவில் ஒரு தேநீர் வேளைக்கே அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். இந்த இடைவெளியைச் சம்பளச் சபை மட்டும் மூடிவிடாது.

நீங்கள் அக்கரப்பத்தனைக்குப் போனால் தோட்டத்தில் பிறந்த ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைவீதியில் ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்குங்கள். கொழுந்து பறிப்பவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். திரும்பி வந்த பிறகு, அந்த மலையில் வாழ்கிறவருக்குக் காணி உறுதி கேட்கும் குரலோடு உங்கள் குரலையும் சேருங்கள்.