எட்டாம் வேற்றுமை

முத்துசாமி தீட்சிதரின் திருத்தணிக் கதையை நம் சங்கீத உலகம் கற்கண்டோடு நிறுத்திக்கொண்டுவிட்டது. கிழவர் ஒருவர் வந்தார், வாயைத் திறக்கச் சொன்னார், கற்கண்டைப் போட்டார், பாட்டு வந்துவிட்டது. 1904-இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ இதைப் பக்தியோடு பதிவு செய்தது. பின்வந்த காலட்சேபங்களும் கச்சேரி முன்னுரைகளும் அதே கற்கண்டைச் சப்பிக்கொண்டிருக்கின்றன. (அது தெலுங்கு எழுத்தில் அச்சான நூல். 1953 முதல் 1960 வரை ஆந்திரத்தில் இருந்த திருத்தணிச் சுற்றுவட்டாரத்துக்கு அந்த எழுத்து அந்நியமில்லை.)

அதே மரபு சொல்லும் முந்தைய நிகழ்ச்சி யாருக்கும் அக்கறையில்லாமல் கிடக்கிறது. மணலியிலிருந்து தன்னைக் காசிக்கு அழைத்துப்போய்ப் பல வருஷம் உடன் வைத்திருந்த சிதம்பரநாத யோகி, கங்கையில் இறங்கியவர், அங்கேயே முடிந்துபோனார். 1775-இல் பிறந்த தீட்சிதர் அப்போது இளைஞர். தெற்கே திரும்பி, மணலி வந்து, பிறகு இந்த மலைக்கு வருகிறார். கற்கண்டு அதற்கும் பிறகுதான். அருளைப் பற்றி விமர்சனத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதன்பின் அந்த இளைஞர் செய்த வேலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதல் கிருதி ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ மாயாமாளவகௌளையில் அமைந்தது. குழந்தைகள் சரளி வரிசை பாடுகிற ராகம். அதன் எடுப்பே ஸ்வரங்களின் மேல் வரிசையாக ஏறி இறங்குகிறது. காசியில் அத்தனை கற்றவர் முதல் பாடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். சாவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. காசியும் இல்லை, கங்கையும் இல்லை. தொடர்ந்து வருவது இன்னும் விசித்திரம்: குருகுஹன் என்ற ஒரே பெயரை எட்டு வேற்றுமைகளிலும் வைத்து எட்டுக் கிருதிகள். ஆனந்தபைரவியில் இரண்டாவது, பாடியில் மூன்றாவது, சாமாவில் நான்காவது. அவன், அவனை, அவனால், அவனுக்கு, அவனைத் தவிர, அவனுடைய, அவனிடத்தில். குருவும் குகனும் ஒரே சொல்லாகிவிட்ட அந்தப் பெயரோடு தனக்கு இன்னும் என்னென்ன உறவு மிச்சமிருக்கிறது என்று இலக்கணத்தைக் கொண்டு கணக்கெடுக்கிற வேலை இது. விளி எட்டாவதாகத்தான் வருகிறது, உதயரவிசந்திரிகாவில். பாடிய வரிசையும் இதுதான் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. ஸ்ரீவித்யை அறிந்தவர்கள் இதில் துக்கத்துக்கு இடமேது, எல்லாம் மந்திர அமைப்பு என்பார்கள். இருக்கட்டும். மந்திரமும் திரும்பத்திரும்பச் செய்கிற வேலைதான்.

ஆர்.கே.பேட்டை மாதிரித் தறி ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. தகப்பன் போன வீட்டில் தறியில் ஏற்றிய பாவு பாதியில் நிற்கும். பதினாறு வயதுப் பையன் குழியில் இறங்குகிறான். காலுக்கு மிதி, கைக்கு நாடா. இழை அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு மேலே நெய்கிறான். துக்கத்தை மறந்துவிட்டான் என்று தெருவில் யாரும் சொல்வதில்லை.

சொல்பவர்கள் நம் கவிஞர்கள். நம் பத்திரிகைகளில் வரும் இரங்கல் கவிதைகளில் முதல் வரியிலேயே விளி: நண்பா, அம்மா, நீ. எடுத்த எடுப்பில் எட்டாம் வேற்றுமைக்குப் போய்விட்டவனுக்கு இரண்டாவது வரியில் செய்ய ஒன்றுமில்லை, கூவிக்கொண்டே இருக்கிறான். கையறுநிலை நமக்குப் பழகிய துறைதானே என்று சமாதானம் சொல்வதும் செல்லாது. ஒல்லையூர் சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பேசியது முல்லையோடு. பாரி போனபின் கபிலர் பேசியது பறம்போடு. அந்தப் பாட்டுகளில் இருவரும் போனவனைக் கூவவில்லை.

தமிழில் இந்த நிதானத்துக்கு நிகராக எனக்குத் தெரிவது உ.வே. சாமிநாதையர். 1876 பிப்ரவரியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்தபோது அவருக்கு இருபத்தொரு வயது நிறையவில்லை. சிந்தாமணி 1887-இல் வந்தது, சிலப்பதிகாரம் 1892-இல். ஆசிரியரின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டது 1933-34-இல். இடையில் ஐம்பத்தேழு வருஷம் ஏடும் பாடபேதமும். அந்தச் சரித்திரத்தை உணர்ச்சி வற்றிய தகவல் மூட்டை என்று ஒதுக்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு மாயாமாளவகௌளையும் வெறும் பால பாடமாகத்தான் கேட்கும்.

கச்சேரிகளில் இந்த எட்டில் ஒன்றையோ இரண்டையோ பிய்த்துப் பாடுகிறார்கள். ஒரே அமர்வில் ஏழையும் கேட்டுவிட்டு வந்தால் உதயரவிசந்திரிகா வேறு ராகமாக இருக்கிறது.