நைட்ரஜன் கூறும் சாட்சி

சோற்றின்மீது ஒரு துளி அயோடின் கரைசல் விழுந்த மாத்திரத்தில் கருநீலம் பரவுவதையும், முட்டையின் வெண்கருவோடு காரமும் மயில்துத்தமும் சேர்ந்தவுடன் ஊதா வர்ணம் தோன்றுவதையும் முதன்முறையாகக் காணும் மாணவன் ஆகாரத்தின் அந்தரங்கமே தனக்குத் திறந்துவிட்டதாகப் பூரிக்கிறான். அருங்கருவி ஏதுமின்றி எளிய கிராமப் பள்ளியிலும் அந்த ஆனந்தத்தை அளிக்க வல்லவை என்பது இப்பரீட்சைகளின் தலையாய சிறப்பு. ஆயினும் அவை ஒரு பதார்த்தத்தின் ஏதோ ஓர் அங்கத்துக்கு மட்டுமே சாட்சி சொல்கின்றன. பெனடிக்ட் கரைசலோடு கொதிக்கையில் குளுக்கோஸ் செங்கல் நிறம் காட்ட, அதைவிட இனிக்கும் நம் வீட்டுச் சீனியோ, முன்னதாக அமிலத்தில் கொதித்துப் பிளவுபட்டாலன்றி, அக்கரைசலின் நீலத்தைச் சிறிதும் மாற்றுவதில்லை.

ஓர் அங்கத்தின் சாட்சியை முழுப் பதார்த்தத்துக்கும் சாட்சியாகக் கொள்ளும் பிழையின் விலை பள்ளியில் ஓரிரு மதிப்பெண். வாணிபத்திலோ அது குழந்தைகளின் உயிராகியிருக்கிறது. 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் தானியப் புரதத்தை அளக்க வகுத்த முறை, உணவை அடர்ந்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை இறுதியில் அம்மோனியாவாக வடித்து அளந்து, கிடைத்த அளவை 6.25-ஆல் பெருக்குவது. புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன் என்னும் அனுமானமே அவ்வெண்ணுக்கு ஆதாரம். பாலுக்கு 6.38, கோதுமைக்கு 5.7 என்று பின்வந்தோர் அதைச் சூக்ஷ்மமாகத் திருத்தினார்களேயன்றி, அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை விற்பவனின் நேர்மையிடமே விட்டுவைத்தார்கள்.

அந்த இடைவெளியில்தான் மெலமின் என்னும் ரசாயனம் நுழைந்தது. எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜனாகவே உள்ள அப்பொருளை, நீர் கலந்த பாலில் இட்டு, குறைந்த புரதத்தை நிறைந்ததாகக் காட்டிய கொடுமை 2008-இல் சீனாவில் வெளிப்பட்டபோது, ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றிருந்தனர். சிறுநீரகத்தில் கல்லடைத்து ஆறு சிசுக்கள் மாண்டன. நினைக்குந்தோறும் நெஞ்சு பதறுகிறது.

கெல்டாலைப் பழிப்பது நியாயமாகாது. அவர் அளக்க முனைந்தது வஞ்சகமறியாத தானியத்தை. ஆனால், பரீட்சையின் சூத்திரத்தை அறிந்து அதற்கென்றே கலப்படம் செய்பவன் வந்த பின்னும் அதே முறையைத் தனித்து நம்பியதை எவ்வாறு மன்னிப்பது? மாணவனின் எளிய ஊதாப் பரீட்சைகூட இங்கே ஏமாந்திராது. அது தேடும், புரதத்துக்குரிய பெப்டைடு பிணைப்பு மெலமினில் இல்லை. கெல்டாலின் குடுவையைக் களையவும் வேண்டியதில்லை. டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தால் பாலின் புரதத்தை முதலில் திரியச்செய்து, வடிதாளில் தங்கும் திப்பியில் மட்டும் நைட்ரஜனை அளந்தால், மெலமின் வடிநீரோடு கீழே இறங்கிவிடும்.