நாண் நீளமும் படிக அளவும்: தொழிலகப் படிகமாக்கல் கண்காணிப்பு ஆய்வுகள் குறித்த ஒரு மதிப்பீடு

சர்க்கரை, உரம், மருந்து எனப் பல பொருள்கள் கரைசலிலிருந்து படிகங்களாகப் பிரித்தெடுக்கப்படுகின்றன. கலனில் விளையும் படிகத்தின் அளவும் வடிவமுமே அடுத்து நிகழும் வடிகட்டல், உலர்த்தல் ஆகியவற்றின் போக்கைத் தீர்மானிக்கின்றன. குளிர்விப்பைத் தொடக்கத்தில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் நிகழ்த்துதல் வேண்டும் என 1971இல் முல்லினும் நீவில்ட்டும் முன்வைத்த முறைக்கு, கலனின் உள்நிகழ்வுகளை உடனுக்குடன் காட்டும் கருவி தேவைப்படவில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் செயல்முறைப் பகுப்பாய்வுத் தொழில்நுட்பம் குறித்த வழிகாட்டுதலை 2004இல் வெளியிட்ட பின்னர், உணரிகளைக் கலனுள் அமிழ்த்தி அவற்றின் தரவைக் கொண்டே கட்டுப்படுத்தும் ஆய்வுகள் மிகுந்த ஊக்கம் பெற்றன.

அவற்றுள் பெரிதும் எடுத்தாளப்படுவது குவிகற்றை எதிரொளிப்பு அளவீடு ஆகும். சுழலும் லேசர் கற்றை நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. படிகம் குறுக்கிடும்போது ஒளி திரும்புகிறது. ஒளி திரும்பும் கால அளவை வேகத்தால் பெருக்கினால் ஒரு நீளம் கிடைக்கும். அது படிகத்தின் அளவன்று. கற்றை படிகத்தைக் கடந்த இடத்தில் அமைந்த நாணின் நீளமே. ஆயினும், முறையியல் பகுதியில் ‘நாண் நீளப் பரவல்’ எனக் குறிக்கப்படுவது முடிவுரையை எட்டுவதற்குள் ‘துகள் அளவு’ எனப் பெயர் மாறிவிடுவதைக் காணலாம். இதனை வெறும் சொல்வழு என ஒதுக்குவதற்கில்லை. வெவ்வேறு அளவுப் பரவல்கள் ஏறத்தாழ ஒரே நாண் பரவலைத் தரக்கூடும் என்பதால், பின்னதிலிருந்து முன்னதை ஐயமறப் பெறுதல் இயலாது.

எல்-குளுடாமிக் அமிலம் இதற்குத் தக்க சான்று. அதன் ஆல்பா வடிவம் பட்டகம் போன்றது, வடிகட்டுவதற்கு எளிது. நிலைத்தன்மை மிக்க பீட்டா வடிவமோ ஊசி போன்றது. ஊசியைக் கடக்கும் கற்றை பெரும்பாலும் அதன் அகலத்தையே வெட்டிச் செல்லும். எனவே ஆல்பா கரைந்து பீட்டா வளருங்கால் குறுநாண்களின் எண்ணிக்கை கூடும். புதிய உட்கருக்கள் தோன்றினாலும், படிகங்கள் உடைந்தாலும் இதே அடையாளமே தென்படும்.

துகள் எண்ணிக்கையை நேரடியாகக் கட்டுப்படுத்தும் முறையில் இக்குழப்பம் கேடாக முடியும். எண்ணிக்கை வரம்பை மீறின் கட்டுப்படுத்தி கலனைச் சூடாக்கும். நுண்துகள்களைக் கரைப்பதே அதன் நோக்கம். ஆனால் கரைதிறன் மிகுந்தது ஆல்பாவே. வெப்பநிலை உயர்ந்தால் வடிவமாற்றமும் விரைவுறும். காக்க வேண்டிய வடிவத்தையே கட்டுப்படுத்தி அழிக்கிறது. கருவியோ பிழையின்றி இயங்கிக்கொண்டிருக்கும்!

பாராசிட்டமால் போன்ற, வடிவம் பெரிதும் மாறாத நேர்வுகளில் இம்முறை நற்பயன் தருவதை மறுக்க இயலாது. உட்கருவாக்கம் தொடங்கும் தருணத்தைக் காட்டுவதில் அதன் நுண்மை பாராட்டத்தக்கது. அந்நேர்வுகளில் பெற்ற வெற்றியைப் பொதுவிதியாக விரித்துரைப்பதே ஏற்புடையதன்று. வடிவமாற்றத்திற்கு இடமுள்ள சேர்மங்களில் ராமன் நிறமாலை உடன்வைக்கப்படும்போது எண்ணிக்கை உயர்வின் காரணம் தெளிவுபடும். ஆயினும் ராமன் குறிகையும் திண்மச் செறிவு, துகள் அளவு ஆகியவற்றுக்கேற்ப மாறுவதால், அளவுத்திருத்தம் எந்த நிலைமைகளில் செய்யப்பட்டது என்பதை ஆய்வாளர் கூறியாக வேண்டும். இறுதி விளைபொருளின் நுண்ணோக்கிப் படமும் வடிகட்டும் நேரமும் தரப்படாதவிடத்து, நாண் பரவல் வரைபடம் ஒன்றே கட்டுப்பாட்டின் வெற்றிக்குச் சான்றாகாது.