கொடுத்ததே நின்றது

நூலைத் திறனாய்வோர் சொல்லையும் பொருளையும் எடைபோடுவர். எழுத்தைத் தாங்கிய ஏட்டை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஏட்டையும் சேர்த்தே படிக்கவேண்டிய நூல் ஒன்றை இங்கு நோக்குவோம். அது கோடெக்ஸ் அமியாத்தினுஸ் எனும் விவிலியம்.

இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்த வேர்மவுத்-ஜாரோ துறவு மடத்தில், மடத்தலைவர் செயோல்பிரித்தின் பணிப்பில், 716ஆம் ஆண்டுக்கு முன் எழுதப்பட்டது அது. வுல்காத்தா எனும் இலத்தீன் விவிலியம் முழுமையாக நிலைத்துள்ள படிகளுள் இதுவே தொன்மையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள். ஏறத்தாழ 34 கிலோ எடை. ஒரு கன்றின் தோல் இரண்டு ஏடுகளே தரும். ஆகவே ஐந்நூறுக்கும் மேற்பட்ட கன்றுகள் தேவைப்பட்டன. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் சுரண்டி உலர்த்தவேண்டும். இத்தனை உயிர்களும் உழைப்பும் ஒரு நூலுக்குத் தகுமா? அம்மடத்தில் இத்தகைய விவிலியங்கள் மூன்று உருவாயின என்று அறியும்போது, இவ்வினாவை எளிதில் ஒதுக்க நம்மால் இயலவில்லை.

அம்மூன்றின் வரலாற்றிலேயே விடையைத் தேடுவோம். இரண்டை மடத்தின் கோவில்களுக்கென வைத்துக்கொண்டனர். மூன்றாவதைப் புனித பேதுருவுக்குக் காணிக்கையாக்க, 716இல் முதியவரான செயோல்பிரித் தாமே உரோமைக்குப் புறப்பட்டார். வழியில், இன்றைய பிரான்சிலுள்ள லாங்கர் நகரில் உயிர்நீத்தார். நூல் பின்னர் இத்தாலியின் அமியாத்தா மலை மடத்தை அடைந்தது. காணிக்கைப் பக்கத்தில் அவர் பெயரைச் சுரண்டி, வேறொருவர் பெயரை எழுதிவிட்டனர். சுரண்டலைத் தாங்கும் தோலின் உறுதியே இவ்வநீதிக்கும் இடம் தந்தது! 19ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் உண்மையைக் கண்டறிந்தனர். இன்று நூல் புளோரன்சு நகரின் லாரன்சியன் நூலகத்தில் உள்ளது.

வைத்துக்கொண்ட இரண்டும் என்னவாயின? சில ஏடுகளே எஞ்சியுள்ளன. அவற்றுட் பல, 16ஆம் நூற்றாண்டில் ஒரு குடும்பத்தின் நில ஆவணங்களுக்கு உறையாக்கப்பட்டவை. இறைவார்த்தையைத் தாங்கிய தோல், உறுதியானது என்பதாலேயே கணக்குக்கட்டின் மேலுறையாயிற்று.

ஒரே மடம், ஒரே வகைத் தோல், ஒரே உழைப்பு. ஆயினும் கொடுத்ததே நின்றது. இது தற்செயல் என்பாருடன் நாம் வாதிடவில்லை. தோலின் உறுதி மட்டும் நூலைக் காப்பதில்லை என்பதே நம் முடிபு. அத்துணைச் செலவும் தகும், நூல் பிறருக்கென ஆகுமாயின். பெயர் அழிந்தாலும் கொடுத்தவர் குறைபடவில்லை. நம் இல்லங்களில் அழகிய உறையிட்டுத் திறவாது வைத்திருக்கும் விவிலியம் எவ்வகையைச் சார்ந்தது? இதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்பது நலம்.